நல்

ஓமஹாவில் பேருந்து அட்டை எடுக்கப் போனேன்.
ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து என் பெயர்.
பத்தோடு நிறுத்திவிட்டது.
மங்கையர்க்
என்று அச்சாகி வந்தது, சூடு ஆறாத பிளாஸ்டிக்கில்.
புள்ளி வைத்த மெய்யில் விக்கி நிற்கிற பெயர்.
அரசி வெளியே, பனியில்.

கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர்.
"சிஸ்டம் அவ்வளவுதான் வாங்கும்" என்றார்
குழந்தைக்கு வயிறு சின்னது என்பதுபோல.

அந்த வயிற்றை யார் தைக்கிறார்கள் என்று பார்க்கத்தான்
செவ்வாய் மாலைகளில்
நூலகத்தின் கீழ்த்தளத்துக்குப் போனேன்.
வீட்டில் சொன்ன காரணம் வேறு:
வேலை அனுமதி வந்துவிட்டது, சும்மா இருப்பானேன்.

பேருந்தில் தொலைந்தவற்றுக்கு ஒரு தளம்,
இதுதான் வகுப்புக்குக் கொடுத்த வேலை.
டிப்போவிலிருந்து வரும் டார்லீன்
வாழைப்பழப் பெட்டி நிறையக் கையுறை கொண்டுவந்து
மேசையில் கவிழ்த்தாள்.
ஈரக் கம்பளி வாடை. எண்ணினோம், நாற்பத்தேழு.

கையுறைக்கு ஒரு பக்கமாக நாற்பத்தேழு பக்கம் எழுதினேன்.
தலைப்பில் ஒரு பிழை.
கல்யாணப் பத்திரிகை அச்சடித்தபின்
தேதி தப்பென்று தெரிந்து
பேனாவும் கையுமாக உட்கார்ந்த கதை.

மூன்றாம் வாரம் விளங்கியது, பக்கம் ஒன்று போதும்.
அதற்கென்று எதுவும் இல்லை.
யாராவது கேட்டால் டேபிளுக்கு ஓடும்,
பதினேழாம் வரியை உடுத்திக்கொண்டு வந்து நிற்கும்,
கேட்டவர் போனதும் களைந்துவிடும்.
இவ்வளவு கூச்சமற்ற ஒன்றை நான் பார்த்ததில்லை.

டார்லீன் தேடுபவர் பெயராக ஓ'நீல் என்று தட்டினாள்.
தளம் விழுந்தது.
பெயரின் நடுவிலிருந்த ஒற்றைக் குறி
என் வாக்கியத்தைப் பாதியில் மூடிவிட்டதாம்.
சிரித்தேன். உள்ளே கொஞ்சம் ஆறுதல்கூட:
இந்த ஊர்ப் பெயரும் இடிக்கிறது.
"பெயரைக் கட்டளையோடு ஒட்டாதீர்கள்,
தனியாகக் கையில் கொடுங்கள்" என்றான் கெய்லப்,
பாடம் நடத்துகிறவன், என்னைவிடப் பதினோரு வயது இளையவன்,
அவனும் போன மாதம்தான் கற்றவன்போலத் தாடையைச் சொறிந்தபடி.

வலக்கை ஒரு டேபிள். இடக்கை ஒரு டேபிள்.
சேர்த்துக் கேட்டேன். ஆறு ஜோடி வந்தது.
"மீதி எங்கே?" என்றாள் டார்லீன்.
வலக்கையை இடப்பக்கம் வைத்து
லெஃப்ட் ஜாயின் என்று எழுத வேண்டும்
(இதற்கே ஒரு மணி நேரம் குழம்பினேன்).
வரிசையாக வந்தன வலக்கைகள் முப்பதும்,
இருபத்துநான்குக்கு எதிரே
நல்.

நல் பூஜ்யம் இல்லை.
வெற்றிடமும் இல்லை.
நல்லும் நல்லும் சமமா என்றால்
ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது.
நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன்.
நல்லது என்று சொல்ல வந்தவர்
வாய் மூடிக்கொண்டதுபோல் இருந்தது.

"காசு போட வலக்கையைத்தான் கழற்றுவார்கள்,
அதுதான் மடியிலிருந்து விழும்.
இடக்கை அவரவர் வீட்டில் இருக்கும்" என்றாள் டார்லீன்,
திரையைப் பார்க்காமலே.
இருபத்துநான்கு வீட்டு இழுப்பறைகள்.

அன்றிரவு பெயர்ப் பத்தியை
இருநூற்றைம்பத்தைந்து எழுத்துக்கு விரித்தேன்.
முதல் வரியில் என் பெயரைத் தமிழிலேயே இட்டேன்.
கேள்விக்குறிகளாகத் திரும்பி வந்தது.
எழுத்துரு ஏற்பை மாற்றி மறுபடி இட்டேன்.
வந்தாள், அரசியோடு.
குடும்பப் பெயர் என்ற பத்தியைக் காலியாகவே விட்டேன்,
நல் ஏற்கும்படி.

புதன் காலை, பதினெட்டாம் எண் பேருந்து.
கருவி கீச்சென்றது.
ஓட்டுநர் அட்டையைப் பார்த்து
"மங்கையர்க்?" என்றார், மரியாதையோடு, முழுப் பெயர் என்று நம்பி.
திருத்தவில்லை.
உட்கார்ந்ததும் மடியைத் தடவிப் பார்த்தேன்,
இரண்டும் இருக்கின்றனவா என்று.